தெரியாதவரின் சொல்

ஒரு செய்தி கையேட்டில் இருக்கிறது. சரியாக இருக்கிறது, தெளிவாக எழுதப்பட்டிருக்கிறது. ஆனாலும் அதைத் தேடி வந்தவர் கிடைக்காமல் திரும்பிப் போகிறார். அப்படியானால் அந்தச் செய்தி அங்கே இருக்கிறது என்று சொல்லலாமா? இந்தக் கேள்வி சிறியதுதான், ஆனால் எளிதில் விட்டுப் போவதில்லை. ஜிஎஸ்எல் என்று அழைக்கப்படும் குனூ அறிவியல் நூலகத்தை எடுத்துக்கொள்வோம். சி மொழியில் நிரல் எழுதுவோருக்கான கணிதக் கருவிப்பெட்டி அது. சமவாய்ப்பு எண்களைப் பல்வேறு பரவல்களின்படி உருவாக்கித் தரும் ஃபங்ஷன்கள் அதில் வரிசையாக உண்டு. அவற்றில் ஒன்றின் பெயர் ஜிஎஸ்எல்_ரேன்_காஷி. காஷி ஒரு பிரெஞ்சுக் கணிதவியலாளர். நிறமாலைக் கோடுகளின் வடிவத்தை ஆராயும் இயற்பியலாளரோ அதே வளைகோட்டை லோரன்ஸ் என்ற பெயரில்தான் படித்திருப்பார், அந்தப் பெயரில்தான் தேடுவார். கையேட்டுக்கு இது தெரியாமலில்லை. காஷி பரவலுக்கு லோரன்ஸ் பரவல் என்றும் பெயருண்டு என அந்தப் பகுதியிலேயே எழுதியிருக்கிறது. ஆனால் அந்த வாக்கியம் வீட்டுக்குள் மாட்டிய பெயர்ப்பலகை. உள்ளே வந்துவிட்டவருக்கு அது தேவையில்லை, தெருவில் நிற்பவருக்கு அது தெரிவதில்லை. இன்னொரு பரவலுக்கும் இதே கதைதான். புள்ளியியல் படித்தவர் நார்மல் என்றும் இயல்நிலை என்றும் சொல்வதை ஃபங்ஷனின் பெயர் காஸியன் என்கிறது. இரண்டு துறைகள், இரண்டு சொற்கள், ஒரே வளைகோடு. இவற்றுக்கிடையே வழி போட்டுத் தரக்கூடிய இடம் அச்சு நூலில் ஒன்றே ஒன்றுதான்: கடைசிப் பக்கங்களில் இருக்கும் அடைவு.

அந்த அடைவு கடைசிப் பக்கங்களில் எழுதப்படுவதில்லை என்பதிலிருந்துதான் இந்த விஷயம் கனம் பெறுகிறது. நிரல் நூலகங்களின் கையேடுகளில் அடைவுக்கான குறி மூலக் கோப்பின் உடலுக்குள்ளேயே, பத்திக்கு முன்னால், வாசகர் கண்ணில் படாமல் உட்கார்ந்திருக்கிறது. குனூ திட்டத்தின் ஆவண மொழியான டெக்இன்ஃபோவில் அப்படித்தான். பைத்தான் கையேடு பயன்படுத்தும் ஸ்ஃபிங்க்ஸிலும், அச்சமைப்பு மொழியான லாடெக்கிலும் அப்படித்தான். டெக் என்ற அச்சமைப்பு நிரலை உருவாக்கிய டொனால்ட் கனூத், 1984இல் வெளியிட்ட அதன் கையேடான டெக்புக்கை எழுதும்போது இதற்கென இரண்டு விதக் குறிகளை வைத்துக்கொண்டார். ஒன்று, வாக்கியத்தில் அச்சாகும் சொல்லையே அடைவுக்கும் எடுத்துச் செல்லும். மற்றது பக்கத்தில் எதுவும் அச்சாகாமல் அடைவில் மட்டும் ஒரு வரியைச் சேர்க்கும். இந்த இரண்டாவது, மௌனமான குறியைப் பற்றித்தான் நான் யோசித்துக்கொண்டிருக்கிறேன். முதல் வகையை இயந்திரமே செய்துவிடும். டெக்இன்ஃபோவில் ஒரு ஃபங்ஷனை வரையறுத்து எழுதினாலே அதன் பெயர் ஃபங்ஷன் அடைவில் தானாகச் சேர்ந்துவிடுகிறது, யாரும் மெனக்கெட வேண்டியதில்லை. கருத்தடைவு அப்படியல்ல. அதில் ஒவ்வொரு வரியையும் ஒரு மனிதர் யோசித்து எழுதினால்தான் உண்டு. தமிழ்ப் பதிப்புகளில் இந்த வேறுபாடு பழக்கமானதுதான். பாட்டு முதற்குறிப்பு அகராதி, பாட்டின் முதலடி ஏற்கெனவே மனப்பாடமாக இருப்பவருக்குப் பக்க எண்ணைத் தரும். பொருளடைவோ பாட்டே தெரியாதவருக்கானது. ஃபங்ஷன் அடைவு முதற்குறிப்பு அகராதியின் வேலையைச் செய்கிறது. பெயர் தெரிந்தவருக்குப் பெயரைக் கொடுக்கிறது. பெயர் தெரியாததால்தான் பெரும்பாலானோர் கையேட்டைத் திறக்கிறார்கள்.

நல்ல குறியிடல் எப்படியிருக்கும் என்பதற்கு குனூ சி நூலகத்தின் கையேட்டில் ஓர் இடம் உண்டு. எழுத்துகளாலான சரம் ஒன்றை வாசித்து எண்ணாக ஆக்கும் ஃபங்ஷன்களைப் பற்றிய பகுதி அது. அதன் தலைப்புக்குக் கீழே நான்கு மௌனக் குறிகள் அடுத்தடுத்து நிற்கின்றன. தமிழில் சொன்னால் ஏறக்குறைய இப்படி வரும்: எண்களைப் பாகுபடுத்தல்; சரங்களை எண்களாக மாற்றுதல்; எண் இலக்கணம், பாகுபடுத்தலில்; இலக்கணம், எண்களை வாசிப்பதற்கானது. நான்கும் ஒரே பத்தியைத்தான் சுட்டுகின்றன. வேகமாகப் பார்த்தால் கூறியது கூறல். ஆனால் ஒவ்வொரு வரிக்கும் பின்னால் வேறொரு ஆள் நிற்கிறார். முதல் வரிக்குரியவர் மொழிபெயர்ப்பி எழுதிப் பழகியவர், பாகுபடுத்தல் என்ற கலைச்சொல்லே அவருக்குத் தாய்மொழி. இரண்டாவது வரிக்குரியவருக்கு அந்தச் சொல் தெரியாது, தெரிய வேண்டியதும் இல்லை. அவர் கையில் ஒரு சரம் இருக்கிறது, எண் வேண்டும், அவ்வளவுதான். மூன்றாமவருக்கு வேலை ஏற்கெனவே நடந்துகொண்டிருக்கிறது. எண்ணுக்கு முன்னால் வெற்றிடம் வந்தால் ஏற்குமா, கழித்தல் குறி வந்தால் என்ன ஆகும் என்ற ஐயத்துடன் வருகிறார். நான்காமவரும் அதே ஐயத்தோடுதான் வருகிறார், ஆனால் அகர வரிசையில் வேறொரு எழுத்திலிருந்து. அந்த நான்கு வரிகளை எழுதியவர் தனக்குத் தெரிந்ததைச் சற்று நேரம் கீழே வைத்துவிட்டு, தெரியாத நான்கு பேரின் வாயில் எந்தச் சொல் வரும் என்று யோசித்திருக்கிறார். கையேட்டின் மற்ற வாக்கியங்கள் எல்லாம் அறிந்தவர் பேசுவது. இந்த நான்கு வரிகளில் மட்டும் அறியாதவர் பேசுகிறார். இதைப் பார்த்த பிறகு அடைவுக்குறியை எழுத்தர் வேலை என்று நினைப்பது எனக்குச் சாத்தியமாயில்லை.

சி நூலகத்தில் இந்த உதவி வேறெங்கையும்விட அதிகமாகத் தேவைப்படுவதற்கு ஒரு காரணமும் இருக்கிறது. அதன் பெயர்கள் வாசிப்பதற்காக வைக்கப்பட்டவையல்ல. 1989இன் சி தரநிலைகூட, கோப்புகளுக்கிடையே பகிரப்படும் பெயர்களில் முதல் 6 எழுத்துகளுக்கு மட்டுமே வேறுபாட்டை உறுதி செய்தது. இணைப்பு நிரல்களின் பழைய வரம்பு அது. அதனால் சரத்தை நீள் முழுவெண்ணாக்கும் ஃபங்ஷன் எஸ்டிஆர்டிஓஎல் என்று 6 எழுத்தில் சுருங்கி நிற்கிறது. பெயரைப் பார்த்துப் பொருளைச் சொல்ல முடியாது. பொருளை வைத்துப் பெயரை ஊகிக்க அதைவிட முடியாது. சில பெயர்கள் மௌனமாக இருப்பதோடு நிற்காமல் திசையும் திருப்புகின்றன. வரிசைப்படுத்தும் ஃபங்ஷனின் பெயர் க்யூசார்ட். க்விக் சார்ட் என்ற முறையை நினைவூட்டும் பெயர். ஆனால் அந்த முறையைத்தான் பயன்படுத்த வேண்டும் என்று சி தரநிலை சொல்வதில்லை. குனூ நூலகமே நெடுங்காலம், நினைவகம் போதுமானதாக இருந்தால் மெர்ஜ் சார்ட் என்ற வேறொரு முறையில் வரிசைப்படுத்தி வந்தது. அப்படியிருந்தும் கையேட்டில் அந்தப் பகுதிக்கு மேலே க்விக் சார்ட் என்ற சொல்லிலும் ஒரு குறி இருக்கிறது, வெறும் சார்ட் என்ற சொல்லிலும் இருக்கிறது, அணிகளை வரிசைப்படுத்தல் என்ற பொருளிலும் இருக்கிறது. அடைவு தவறான சொல்லுக்கும் இடம் கொடுக்கிறது. கொடுக்கத்தான் வேண்டும், ஏனென்றால் தேடி வருபவரிடம் சில நேரம் அந்தச் சொல் மட்டும்தான் இருக்கிறது.

இங்கே ஒரு தடை எழும், அது வலுவானது. தவறான சொல்லை அடைவில் ஏற்றினால் அந்தத் தவறுக்கு நாமே முத்திரை குத்தியதாகாதா? வேறு மொழிகளிலிருந்து சிக்கு வருபவர்கள் சரத்தை எண்ணாக காஸ்ட் செய்வது எப்படி என்று கேட்பார்கள். சி மொழியில் காஸ்ட் என்பதற்குத் தனிப்பொருள் உண்டு. சரத்தின் முகவரியை முழுவெண்ணாக காஸ்ட் செய்தால் கிடைப்பது சரத்திலுள்ள எண்ணல்ல, நினைவக முகவரியைத் திரித்துப் பெற்ற ஏதோ ஓர் எண். அந்தச் சொல்லின் கீழே நேரடியாகப் பக்கத்தைச் சுட்டினால், காஸ்ட் செய்வதும் பாகுபடுத்துவதும் ஒன்று என்ற நினைப்பை நாமே உறுதி செய்தவர்களாவோம். இந்தத் தடைக்கு அடைவின் மரபிலேயே விடை இருக்கிறது. காண்க என்ற ஒற்றைச் சொல் அதற்காகத்தான் இருக்கிறது. காஸ்ட், சரத்தை எண்ணாக: சரங்களை எண்களாக மாற்றுதல் காண்க. இந்த வரி வந்தவரைத் திருப்பி அனுப்பவில்லை, அவருடைய சொல்லை அப்படியே ஏற்கவுமில்லை. அவர் கொண்டுவந்த சொல்லுக்குப் பக்கத்தில் அவருக்குத் தேவையான சொல்லை வைத்துவிட்டு ஒதுங்கிக்கொள்கிறது. டெக்இன்ஃபோவிலும் லாடெக்கிலும் ஸ்ஃபிங்க்ஸிலும் இதற்கென்றே தனிக் குறிகள் உண்டு. பைத்தான் கையேட்டில் இதன் இன்னொரு வடிவத்தைப் பார்க்கலாம். ஒரு நிபந்தனையை வைத்து இரண்டு மதிப்புகளில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கும் கோவைக்கு அந்தக் கையேடு வைத்திருக்கும் பெயர் நிபந்தனைக் கோவை. சி, ஜாவா வழியாக வந்தவர்கள் அதை டெர்னரி ஆபரேட்டர் என்பார்கள். கையேட்டின் அந்தப் பகுதியில் நிபந்தனைக் கோவைக்கும் குறி இருக்கிறது, டெர்னரி ஆபரேட்டருக்கும் இருக்கிறது, இஃப் என்ற சொல்லின் கீழும், எல்ஸ் என்ற சொல்லின் கீழும்கூட இருக்கிறது. தன் கலைச்சொல்லை விட்டுக்கொடுக்காமலே பிறர் சொல்லுக்கும் வாசல் திறந்துவைத்திருக்கிறது அந்தப் பகுதி.

எல்லாவற்றையும்விட அடிக்கடி கேட்கும் தடை வேறொன்று. தேடல் பெட்டி வந்த பிறகு அடைவு எதற்கு? இதை நேர்மையாக எதிர்கொள்ள வேண்டும், ஏனெனில் இதில் பாதி உண்மை. லோரன்ஸ் என்று தட்டச்சு செய்தால் ஜிஎஸ்எல் கையேட்டின் காஷி பகுதியைத் தேடல் பெட்டி எடுத்துக் கொடுத்துவிடும். அந்தச் சொல் அந்தப் பக்கத்தில் அச்சாகியிருக்கிறது. ஆனால் அச்சாகாத சொல்லை அது கொடுக்காது. அச்சான சொல் 70 இடங்களில் இருந்தால் 70ஐயும் கொடுக்கும். அவற்றில் எது வரையறை, எது போகிற போக்கில் சொன்னது என்று அதற்குத் தெரியாது. இந்த வேறுபாடு கணினியால் வந்ததும் அல்ல. 13ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில், பாரிஸின் சென் ழாக் மடத்தில் ஹியூ என்ற தொமினிக்கன் துறவியின் மேற்பார்வையில் விவிலியத்துக்குச் சொல்லடைவு ஒன்றைத் தயாரித்தார்கள். எந்தச் சொல் எங்கெங்கே வருகிறது என்ற பட்டியல். இன்றைய தேடல் பெட்டிக்கு அதைத்தான் பாட்டன் என்று சொல்ல வேண்டும். ஏறக்குறைய அதே காலத்தில் இங்கிலாந்தில், பின்னர் லிங்கன் மறைமாவட்டத்தின் ஆயரான ராபர்ட் க்ரோஸ்டெஸ்ட் வேறொன்றைச் செய்தார். படிக்கும் நூல்களின் ஓரங்களில் சிறு சிறு குறிகளை இட்டுக்கொண்டே போனார்: புள்ளிகள், கோடுகள், கிரேக்க எழுத்துகள், தானே கட்டிக்கொண்ட வடிவங்கள். 400க்கும் மேற்பட்ட பொருள்களுக்கு ஒவ்வொன்றுக்கும் ஒரு குறி. பிறகு அந்தப் பொருள்களை வரிசையாக்கி, எந்த நூலில் எந்த இடத்தில் அவை பேசப்படுகின்றன என்று அட்டவணை இட்டார். ஒரு பொருளைப் பற்றிப் பேசும் பத்தியில் அந்தப் பொருளின் பெயரே வராமல் இருக்கலாம், அவருடைய குறி அங்கேயும் விழும். ஹியூவின் பட்டியல் பக்கத்தில் உள்ளதை எண்ணியது. க்ரோஸ்டெஸ்டின் ஓரக்குறி, பக்கம் எதைப் பற்றியது என்று ஒரு வாசகர் முடிவு செய்ததைப் பதிந்தது. டெக்இன்ஃபோவின் மௌனக் குறி இந்த இரண்டாவது வழியில் வந்தது. முதல் வழி எவ்வளவு வேகமானாலும் இரண்டாவதன் வேலையைச் செய்துவிடுவதில்லை.

தேடல் பெட்டி அடியோடு தோற்றுப்போகும் ஓர் இடமும் உண்டு, அது நிரல் கையேடுகளுக்கே உரியது. பைத்தான் நிரல் ஒன்றைப் படிப்பவர் ஒரு ஃபங்ஷனை அழைக்கும் வரியில், அடைப்புக்குறிக்குள் ஒரு பெயருக்கு முன்னால் நட்சத்திரக் குறியைப் பார்க்கிறார். பெருக்கல் குறியாகத்தான் அதை இதுவரை தெரியும், இங்கே பெருக்க எதுவும் இல்லை. இதை எந்தச் சொல்லால் தேடுவார்? அவரிடம் சொல்லே இல்லை, ஒரு கீறல் மட்டும்தான் இருக்கிறது. தேடல் நிரல்கள் பெரும்பாலும் இத்தகைய குறிகளைச் சொல்லாகவே எடுத்துக்கொள்வதில்லை. உரையைச் சொற்களாகப் பிரிக்கும்போதே அவற்றை உதறிவிடும். பைத்தான் கையேட்டின் அடைவிலோ குறிகளுக்கென்றே தனிப் பக்கம் இருக்கிறது. நட்சத்திரக் குறியின் கீழே, ஃபங்ஷனை அழைக்கும் இடத்தில் அது என்ன, வரையறுக்கும் இடத்தில் என்ன என்று தனித்தனி வரிகள். முக்காற்புள்ளிக்கு, அடிக்கோட்டுக்கு, அட் குறிக்கு என்று அப்படியே நீள்கிறது. ஒவ்வொரு வரியும் உரிய பத்திக்கு மேலே யாரோ கையால் எழுதிவைத்தது. குறிக்குப் பக்கத்தில் அதன் பெயரையும் எழுதியிருக்கிறார்கள், ஒரு குறியை வாய்விட்டுச் சொல்லத் தெரிந்தவரும் வரலாம் என்று. இந்தப் பக்கம் இல்லாவிட்டால் அந்த வாசகருக்குக் கையேட்டில் நுழைவாயிலே கிடையாது. ஜாவாவில் நடந்ததும் இதோடு சேர்த்துப் பார்க்க வேண்டியது. 2017இல் ஜாவாவின் 9ஆம் பதிப்பு வந்தபோது அதன் ஆவணப் பக்கங்களில் முதன்முறையாகத் தேடல் பெட்டி சேர்க்கப்பட்டது. அதே பதிப்பிலேயே, ஆவணம் எழுதுபவர் தன் உரையில் இன்ன சொற்றொடர் தேடலுக்கு எட்ட வேண்டும் என்று கைப்பட அடையாளமிட ஒரு குறியும் சேர்க்கப்பட்டது. அந்தக் குறியின் பெயர் இண்டெக்ஸ். தேடலை அமைத்தவர்களுக்கே, எதைத் தேடத் தகும் என்று சொல்ல ஒரு மனிதர் வேண்டியிருந்தது.

இப்போது கேள்வியைச் சொந்த வாக்கியத்தில் கேட்டால் பதில் எழுதித் தரும் இயந்திரங்கள் வந்திருக்கின்றன. சொல் பொருந்தாத இடைவெளியை அவை உண்மையாகவே கடக்கின்றன. லோரன்ஸ் என்றாலும் காஷி என்றாலும், காஸ்ட் என்று தவறாகச் சொன்னாலும் புரிந்துகொள்கின்றன. பரவலாகப் புழங்கும் நூலகங்களின் விஷயத்தில் அடைவு செய்துவந்த வேலையின் பெரும்பகுதியை அவை செய்துவிடுகின்றன என்று ஒப்புக்கொள்வதில் எனக்குத் தயக்கமில்லை. ஆனால் அந்தக் கேள்விகளை ஏற்கெனவே பலர் பல சொற்களில் எழுத்தில் கேட்டுவைத்திருப்பதால்தான் அது கைகூடுகிறது என்றும் தோன்றுகிறது. சிலரே பயன்படுத்தும், கையேட்டைத் தவிர வேறெங்கும் பேசப்படாத நூலகத்துக்கு அந்தச் சேமிப்பு கிடையாது. இன்னொன்று, இயந்திரம் பதிலைத் தருகிறது, அடைவு இடத்தைத் தருகிறது. சரத்தில் எண்ணே இல்லாதபோது ஃபங்ஷன் எதைத் திருப்பித் தரும், வரம்பை மீறிய எண் வந்தால் பிழையை எப்படிக் கண்டறிவது என்பதெல்லாம் நூலகத்தை எழுதியவர்கள் பொறுப்பேற்றுச் சொன்ன வாக்கியத்தில் இருக்கிறது. அந்த வாக்கியத்தின் முன்னால் கொண்டுபோய் நிறுத்துவது வேறு, அதைப் பற்றி யாரோ சொல்லக் கேட்பது வேறு. பாலம் கட்டுபவருக்கும் மருத்துவக் கருவிக்கு நிரல் எழுதுபவருக்கும் இந்த வேறுபாடு சிறியதல்ல.

தானியங்கி அடைவின் குறை, அது குறைவாகத் தருவதில் இல்லை, மிகையாகத் தருவதில் இருக்கிறது. ஜிஎஸ்எல்லின் ஏறக்குறைய எல்லா ஃபங்ஷன் பெயர்களும் ஜிஎஸ்எல் என்ற முன்னொட்டில் தொடங்குகின்றன. பெயர் மோதலைத் தவிர்க்க சி மொழியில் வேறு வழியில்லை, அதில் குற்றமில்லை. ஆனால் அப்படியே அகர வரிசையில் அடுக்கினால் ஏறக்குறைய நூலகம் முழுவதும் ஜி என்ற ஒரே எழுத்தின் கீழ் வந்து குவிந்துவிடும், மற்ற எழுத்துகள் பெரும்பாலும் வெறுமையாகக் கிடக்கும். வரிசைப்படுத்தும்போது எதை வைத்து அடுக்குவது என்று தனியே சொல்லும் வசதி டெக்இன்ஃபோவிலும் லாடெக்கிலும் இருக்கிறது, அதைப் பயன்படுத்த யாராவது மனம்வைக்க வேண்டும். பைத்தானில் சிக்கல் எதிர்த்திசையில் வருகிறது. மூடு என்று பொருள்படும் க்ளோஸ் என்ற ஒரே பெயர் கோப்புக்கும் உண்டு, இணைப்புக்கும் உண்டு, தரவுத்தளத்துக்கும் உண்டு. அடைவில் அந்த ஒரு சொல்லின் கீழே நீளமான வரிசை நிற்கிறது. அதைக் கடந்துபோவதற்குள் யோசித்து எழுதிய நான்கு கருத்து வரிகள் கண்ணிலிருந்து தப்பிவிடும். பைத்தான் கையேடு லாடெக்கில் எழுதப்பட்ட நாட்களிலேயே, இரண்டு சொற்களைக் கொடுத்தால் முன்னும் பின்னும் மாற்றி இரண்டு வரிகளாகவும், மூன்றைக் கொடுத்தால் சுழற்றி மூன்று வரிகளாகவும் போட்டுக்கொள்ளும் குறிகள் இருந்தன. 2008இல் வந்த 2.6ஆம் பதிப்போடு கையேடு ஸ்ஃபிங்க்ஸுக்கு மாறியபோது அவை ஜோடி, மூன்று என்ற பெயர்களில் தொடர்ந்தன. சிக்கனமான ஏற்பாடுதான். ஆனால் சுழற்றிக் கிடைக்கும் ஒவ்வொரு வரியையும் யாராவது உண்மையில் தேடுவார்களா என்று சுழற்சி கேட்பதில்லை. ஸ்டேட்மெண்ட் என்ற சொல்லின் கீழே மொழியின் எல்லாக் கூற்றுகளும் வந்து அமர்கின்றன, அந்தச் சொல்லை நினைத்து அடைவைத் திறப்பவர் யார் என்று எனக்குப் புலப்படவில்லை. திரையில் பார்க்கும் அடைவில் பக்க எண்ணும் கிடையாது. ஒரு சொல்லுக்கு ஐந்து இடங்கள் இருந்தால் 1, 2, 3 என்று வெற்று எண்கள் வரிசையாக வரும். அச்சு நூலில் பக்கம் 40க்கும் 412க்கும் உள்ள தொலைவாவது ஏதோ சொல்லும். இந்த எண்கள் எதுவும் சொல்வதில்லை, ஒவ்வொன்றாகத் திறந்து பார்க்க வேண்டியதுதான். கனூத் தன் அடைவில் வரையறை உள்ள பக்கத்தை அடிக்கோடிட்டுக் காட்டினார். முதன்மை இடத்தைத் தடித்த எழுத்தில் காட்ட ஸ்ஃபிங்க்ஸிலும் ஓர் ஆச்சரியக்குறி போதும். அந்த ஒற்றைக் குறியை இடுவதற்கு, ஐந்து இடங்களையும் படித்து எது முதன்மை என்று முடிவுசெய்த ஒருவர் தேவை.

ஆகவே மேம்படுத்தல் என்பது வரிகளைக் கூட்டிக்கொண்டே போவதல்ல என்பதை ஏற்க வேண்டும். அப்படியானால் எங்கே நிறுத்துவது? இதற்கு விதி சொல்ல முடியும் என்று நான் நம்பவில்லை. ஆனால் ஒரு சோதனை உண்டு. குறியிட்ட சொல்லோடு அந்தப் பத்திக்கு வந்து சேர்பவர் தன் கேள்விக்கு அங்கே பதில் காண்பாரா? காண்பாரானால் குறி இருக்கட்டும். சொல் மட்டும் அங்கே இருந்து பதில் இல்லையென்றால் குறியை எடுத்துவிட வேண்டும். இதைச் சொல்வது எளிது. குறி கண்ணுக்குத் தெரியாதது என்பதால் அது பழுதாவதும் கண்ணுக்குத் தெரிவதில்லை. கையேட்டைத் திருத்துபவர் ஒரு பத்தியை வெட்டி வேறொரு பிரிவில் ஒட்டுகிறார், மேலே நின்ற குறி பழைய இடத்திலேயே தங்கிவிடுகிறது. பக்கத்தில் எந்தப் பிழையும் தென்படாது. ஆவணத்தைக் கட்டும் நிரலும் முணுமுணுக்காது, அதன் பார்வையில் குறியின் இலக்கணம் சரிதான். மாதங்கள் கழித்து அடைவு வழியாக வரும் ஒருவர் சம்பந்தமில்லாத பத்தியின் முன்னால் நிற்பார். குற்றம் கையேட்டின் மீது என்று அவர் நினைப்பதில்லை, தனக்குத்தான் புரியவில்லை என்று நினைத்துத் திரும்பிவிடுகிறார். ஆகவே புகாரும் வருவதில்லை. நிரலில் உள்ள பிழை தன்னைத்தானே காட்டிக்கொடுக்கும். அடைவில் உள்ள பிழையால் பாதிக்கப்பட்டவர், அங்கே ஒரு பதில் இருந்தது என்பதையே அறியாமல் போய்விடுகிறார். இந்த வேலைக்கு மதிப்பு குறைவாக இருப்பதற்கு இதுவே வேர் என்று நினைக்கிறேன்.

இதில் என்னை அதிகம் தயங்கவைப்பது, குறியை யார் இட வேண்டும் என்பது. நூலகத்தை எழுதியவருக்கு அதன் ஒவ்வொரு மூலையும் தெரியும். அதனாலேயே அவருக்குத் தெரியாதவரின் சொல் கிடைப்பதில்லை. காஷி என்று பல ஆண்டுகள் சொல்லிப் பழகியவருக்கு லோரன்ஸ் என்று ஒருவர் தேடுவார் என்பது தானாகத் தோன்றாது, வலிந்துதான் நினைவுக்கு வர வேண்டும். அகராதி விற்பன்னரோ தொழில்முறை அடைவாளரோ செய்யலாம். ஆனால் நிரல் தெரியாமல் எது முதன்மை இடம் என்று அவரால் முடிவுசெய்ய இயலாது. மிச்சமிருப்பவர் புதிதாக அந்த நூலகத்துக்கு வந்தவர். அவரிடம் இரண்டும் சில வாரங்களுக்கு ஒன்றாக இருக்கின்றன: தேடியபோது வாயில் வந்த சொல்லும், தேடியது கடைசியில் எங்கே கிடைத்தது என்ற அறிவும். சில வாரங்கள்தான். பிறகு அவரும் கையேட்டின் சொற்களில் பேசத் தொடங்கிவிடுவார், கொண்டுவந்த சொல் அவருக்கே மறந்துபோகும். அந்த வாரங்களுக்குள் அவர் ஒரு வரியைச் சேர்த்து அனுப்பினால், சரிபார்ப்பவர் முன்னால் வந்து நிற்பது வினோதமான ஒரு திருத்தம். பத்தியில் ஓர் எழுத்தும் மாறியிருக்காது. கட்டிப் பார்த்தால் பழைய பக்கமும் புதிய பக்கமும் ஒன்றின்மேல் ஒன்று பொருந்தும். நூலின் கடைசியில், எல் என்ற எழுத்தின் கீழே மட்டும், முன்பு இல்லாத ஒரு வரி இருக்கும்: லோரன்ஸ் பரவல், காஷி பரவல் காண்க.